ஒரே ஒரு பதிவு இருக்கும்போது மட்டும் பக்கம் சிதைவது ஏன்? டெம்ப்ளேட்டில் அழைக்கப்படும் ஃபங்ஷன் தரும் மதிப்பு குறித்து

கேள்வி

வணக்கம். பெர்ல் நிரல்மொழியில் எழுதப்பட்ட பழைய வலைச்செயலி ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அதன் பக்கங்கள் அனைத்தும், பக்க அச்சுகளில் (டெம்ப்ளேட்டுகளில்) தரவை நிரப்பித் தரும் டெம்ப்ளேட் டூல்கிட் 2 என்ற கருவியில் அமைந்தவை. பயனர் உள்நுழைந்ததும் அவருக்கு வந்துள்ள அறிவிப்புகளைக் காட்டும் பக்கத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. நான்கு நாள்களாகப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

பயனர் ஆப்ஜெக்டில் ‘அறிவிப்புகள்’ என்றொரு மெத்தட் (ஆப்ஜெக்டுக்கு உரிய ஃபங்ஷன்) இருக்கிறது. அது தரவுத்தளத்திலிருந்து வரிசைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு ஹாஷ் ரெஃபரன்ஸாக (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பைச் சுட்டும் மதிப்பு) அமைத்து, ஓர் அரேயில் (வரிசையான தொகுப்பு) சேர்த்து, இறுதியில் ‘ரிட்டர்ன் @பதிவுகள்’ என்று முடிகிறது. ஒவ்வொரு ஹாஷிலும் எண், தலைப்பு, உரை, தேதி என நான்கு சாவிகள் உண்டு. டெம்ப்ளேட்டில் முதலில் இந்த மெத்தடை அழைத்து, வருவதை ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறோம். மாறி காலியாக இருந்தால் ‘அறிவிப்பு ஏதுமில்லை’ என்ற வரி வரும். இல்லாவிட்டால் மாறியின் சைஸைப் பக்கத்தின் தலைப்பில் இட்டு, ஃபோர்ஈச் என்ற சுற்றைக் கொண்டு ஒவ்வொரு பதிவின் தலைப்பையும் தேதியையும் அட்டவணையில் ஒரு வரியாக எழுதுகிறோம்.

அறிவிப்பே இல்லாதவர்களுக்குப் பக்கம் சரியாக வருகிறது. இரண்டு, மூன்று, முப்பது இருந்தாலும் சரியாகவே வருகிறது. சரியாக ஒரே ஒரு அறிவிப்பு இருப்பவர்களுக்கு மட்டும் ‘4 அறிவிப்புகள்’ என்று தலைப்பு வந்து, அதன் கீழே நான்கு வெற்று வரிகள் தோன்றுகின்றன. கோடுகள் இருக்கின்றன, உள்ளே எழுத்து எதுவும் இல்லை. பிழைச்செய்தியும் இல்லை, பதிவேட்டில் எச்சரிக்கையும் இல்லை.

முதலில் தரவுத்தள வினவலைச் சந்தேகித்தேன். தனியாக ஒரு சிறு நிரல் எழுதி, அதே மெத்தடை அழைத்து விடையை ஓர் அரேயில் வாங்கிப் பார்த்தால், ஒரே ஒரு உறுப்பு, நான்கு சாவிகளும் நிரம்பிய நிலையில் ஒழுங்காக இருக்கிறது. அரேக்குப் பதிலாகச் சாதாரண மாறியில் வாங்கினால் 1 என்ற எண் வருகிறது. அதுவும் எண்ணிக்கைதான் என்று எடுத்துக்கொண்டேன். ஆக, ஒரே மெத்தட் பெர்லில் அழைத்தால் இரண்டு விதமாகவும், டெம்ப்ளேட்டில் அழைத்தால் மூன்றாவது விதமாகவும் விடை தருவதுபோல் தெரிகிறது. டெம்ப்ளேட் அழைக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதை யாராவது விளக்கினால் பேருதவியாக இருக்கும். இந்த ஒரு பக்கத்தைச் சரிசெய்வது மட்டும் என் நோக்கமன்று. இதே பாணியில் எழுதப்பட்ட மெத்தடுகள் இந்தச் செயலியில் ஏராளமாக இருக்கின்றன.

முதல் பதில்

வணக்கம். நீங்கள் கொடுத்த விவரத்திலேயே விடை பாதி இருக்கிறது. ஹாஷில் நான்கு சாவிகள், பக்கத்தில் நான்கு வெற்று வரிகள். அந்த நான்கும் இந்த நான்கும் ஒன்றேதான். டெம்ப்ளேட் உங்கள் ஒற்றை அறிவிப்பை ஒரு பட்டியலாகக் கொள்ளாமல், அந்த அறிவிப்பின் வயிற்றைத் திறந்து அதன் சாவிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருகிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் பெர்லிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

பெர்லில் ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும்போது, அழைப்பவர் தமக்கு என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். விடையை அரேயில் வாங்கினாலோ, இன்னொரு ஃபங்ஷனுக்கான உள்ளீடாகக் கொடுத்தாலோ அது பட்டியல் சூழல். விடையைச் சாதாரண மாறியில் வாங்கினாலோ, இஃப் நிபந்தனைக்குள் வைத்தாலோ அது ஒற்றை மதிப்புச் சூழல், அதாவது ஸ்கேலார் சூழல். விடையை யாரும் வாங்கவே இல்லையென்றால் அது வெற்றுச் சூழல். முக்கியமானது என்னவென்றால், ரிட்டர்ன் என்ற சொல்லுக்குப் பின்னால் நீங்கள் எழுதும் கோவை, அழைத்தவரின் சூழலில்தான் மதிப்பிடப்படுகிறது. ஆகவேதான் ‘ரிட்டர்ன் @பதிவுகள்’ என்பது பட்டியல் சூழலில் உறுப்புகளையும், ஒற்றைச் சூழலில் எண்ணிக்கையையும் தருகிறது. அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி இட்டு மூன்று மதிப்புகளை நேரடியாக எழுதித் திருப்பினால், ஒற்றைச் சூழலில் எண்ணிக்கை வராது, கடைசி மதிப்பே வரும். அரேக்கும் பட்டியலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அறியாமல் தடுமாறியவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன்.

இனி டெம்ப்ளேட் டூல்கிட்டுக்கு வருவோம். டெம்ப்ளேட் மொழியில் அரேயில் வாங்குவது, மாறியில் வாங்குவது என்ற வேறுபாடே கிடையாது. அங்கே எல்லாமே மாறிதான். எனவே அழைக்கும் சூழலைத் தேர்ந்தெடுக்க டெம்ப்ளேட் எழுதுபவருக்கு நேரடி வழி இல்லை. அவருக்காக டூல்கிட்டே ஒரு முடிவை எடுத்து வைத்திருக்கிறது: ஃபங்ஷனானாலும் மெத்தடானாலும் எப்போதும் பட்டியல் சூழலில்தான் அழைக்கும். வந்த பட்டியலை ஒரே மதிப்பாக மடிக்கும் வேலையை, மாறிகளை வைத்துக் காக்கும் ஸ்டாஷ் என்ற பகுதி செய்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் வந்தால், அவற்றை ஒரு புதிய அரே ரெஃபரன்ஸில் கட்டித் தருகிறது. ஒரே ஒரு மதிப்பு வந்தால், அதை எதிலும் கட்டாமல் அப்படியே தருகிறது. எதுவும் வராவிட்டால் வரையறுக்கப்படாத மதிப்பு (அன்டெஃப்), அது டெம்ப்ளேட் மாறிக்குப் போய்ச் சேரும்போது வெற்றுச் சரமாக (எழுத்தே இல்லாத உரையாக) ஆகிவிடுகிறது.

உங்கள் மெத்தட் இரண்டு பதிவுகளைத் தந்தால், மாறியில் இரண்டு ஹாஷ்களைக் கொண்ட அரே ரெஃபரன்ஸ் இருக்கும். ஒரே பதிவைத் தந்தால், மாறியில் அந்த ஹாஷ் ரெஃபரன்ஸே நேரடியாக இருக்கும். ஹாஷின் சைஸ் என்று கேட்டால் டூல்கிட் சாவிகளின் எண்ணிக்கையைச் சொல்லும்: 4. ஃபோர்ஈச்சிடம் சாதாரண ஹாஷைக் கொடுத்தால், அது சாவிகளை அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ‘கீ’, ‘வேல்யூ’ என்ற இரண்டே சாவிகள் கொண்ட சிறு ஹாஷை அமைத்து, அந்தச் சிறு ஹாஷ்களைச் சுற்றி வரும். அவற்றில் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. இல்லாத சாவியைக் கேட்டால் டூல்கிட் இயல்பாக வெற்றுச் சரத்தையே தருவதால் வரிகள் வெறுமையாக வந்தன. ஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பை இயக்கியிருந்தால் அந்த இடத்திலேயே பிழை கிளம்பியிருக்கும். பழைய செயலிகளில் அது பெரும்பாலும் அணைந்தே கிடக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அறிவிப்பு இல்லாதபோது உங்கள் பக்கம் தப்பியதற்குக் காரணம், மாறி காலியா என்று நேரடியாகக் கேட்டதுதான். அங்கே சைஸைக் கேட்டு நிபந்தனை அமைத்திருந்தால் அதுவும் தவறியிருக்கும்; ஏனெனில் சரத்தின் சைஸ் எதுவென்று கேட்டாலும், அது வெற்றுச் சரமாகவே இருந்தாலும், டூல்கிட் எப்போதும் 1 என்றே சொல்லும். அதாவது உங்கள் மாறியின் சைஸ், அறிவிப்பு ஏதும் இல்லாதபோது 1, ஒன்று இருக்கும்போது 4, இரண்டு இருக்கும்போது 2.

தீர்வு பெர்ல் பக்கத்தில் இருக்கிறது. ‘ரிட்டர்ன் @பதிவுகள்’ என்பதை ‘ரிட்டர்ன் \@பதிவுகள்’ என்று மாற்றுங்கள். ஒரு பின்சாய்வுக்கோடுதான் வேறுபாடு. இப்போது மெத்தட் எந்தச் சூழலிலும் ஒரே ஒரு மதிப்பைத்தான் தருகிறது. அந்த மதிப்பு அரே ரெஃபரன்ஸ். அதற்குள் பூஜ்யமோ ஒன்றோ ஆயிரமோ இருக்கலாம். மடிப்பதற்கு ஸ்டாஷுக்கு வேலையே இல்லாமல் போகிறது.

இரண்டாம் பதில்

மேலே உள்ள விளக்கம் முழுமையானது. பெர்ல் பக்கத்தைத் தொட முடியாதவர்கள், டெம்ப்ளேட்டிலேயே மாறிக்குப் பின் புள்ளி வைத்து ‘லிஸ்ட்’ என்று எழுதினால் ஒற்றை மதிப்பு பட்டியலாகிவிடும். சரத்துக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. நான் பல இடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதல் பதில் எழுதியவர்

ஐயா, சரங்களுக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் கேள்வி கேட்டவருடைய மெத்தட் தருவது ஹாஷ். ஹாஷின்மீது லிஸ்ட் என்று கேட்டால் டூல்கிட் 2, அந்த ஹாஷை ஓர் உறுப்பாகக் கொண்ட பட்டியலைத் தருவதில்லை. மறுபடியும் கீ, வேல்யூ இணைகளின் பட்டியலைத்தான் தருகிறது. எனவே அதே நான்கு வெற்று வரிகள் அப்படியே இருக்கும். சதுர அடைப்புக்குள் அழைப்பை வைத்துப் பார்க்கலாமே என்று அடுத்ததாகத் தோன்றும். அது ஒரே பதிவு வரும்போது சரியாகும். இரண்டு வரும்போது பட்டியலுக்குள் பட்டியலாகிவிடும். மடிப்பு நடந்து முடிந்த பிறகு, வந்தது ஒன்றா பலவா என்ற செய்தி தொலைந்துவிடுகிறது, அதை டெம்ப்ளேட்டில் இருந்துகொண்டு நம்பகமாக மீட்க முடியாது.

மூன்றாம் பதில்

இதே குணம், தரவுத்தள வரிசைகளை ஆப்ஜெக்டுகளாகத் தரும் டிபிஐஎக்ஸ்::கிளாஸ் என்ற பெர்ல் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களை வேறொரு விதத்தில் தாக்கும் என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். கேள்வி கேட்டவரின் செயலியில் அது இல்லையென்றாலும், இந்தப் பக்கத்தைத் தேடி வருபவர்களில் பலருக்கு அது இருக்கும்.

அதில் ‘சர்ச்’ என்ற மெத்தட், அழைப்பின் சூழலைப் பார்த்துத் தன் விடையை மாற்றிக்கொள்ளும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒற்றைச் சூழலில் அழைத்தால் ரிசல்ட்செட் என்ற ஆப்ஜெக்டைத் தரும். அது இன்னும் தரவுத்தளத்தைத் தொடாத ஒரு வினவல். அதன்மேல் மேலும் நிபந்தனைகளைச் சேர்க்கலாம், பக்கம் பக்கமாகப் பிரிக்கலாம். பட்டியல் சூழலில் அழைத்தாலோ உடனே வினவலை ஓட்டி, எல்லா வரிசைகளையும் ஆப்ஜெக்டுகளாக்கிக் கொட்டிவிடும். கன்ட்ரோலரில் (டெம்ப்ளேட்டை அழைக்கும் பெர்ல் நிரலில்) ஒரு மாறியில் வாங்கி டெம்ப்ளேட்டுக்கு அனுப்பும்வரை ஒரு சிக்கலும் இல்லை. அதே அழைப்பை டெம்ப்ளேட்டுக்குள் எழுதினால், டூல்கிட் பட்டியல் சூழலில் அழைப்பதால், ரிசல்ட்செட் உங்கள் கைக்கு வருவதே இல்லை.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரங்கள் ஆயின. அங்கே ஓர் ஆசிரியருக்கு உரிய நூல்களைக் காட்டும் பக்கம் இருந்தது. ஒன்றுக்குப் பல என்ற உறவிலிருந்து தானாக உருவாகும் மெத்தடை டெம்ப்ளேட்டில் அழைத்திருந்தோம். அதுவும் ‘சர்ச்’ மெத்தடைப் போலவே சூழலைப் பார்த்து நடந்துகொள்ளும். ஒரே நூல் எழுதிய ஆசிரியர்களின் பக்கத்தில் நூல்களின் எண்ணிக்கை பொருத்தமில்லாத ஓர் எண்ணாக வந்தது. வரிசை ஆப்ஜெக்டுக்கு சைஸ் என்ற மெத்தட் இல்லாததால், டூல்கிட் அந்த ஆப்ஜெக்டின் உள்ளே இருக்கும் ஹாஷைப் பார்த்து, அதன் உள்ளமைப்புச் சாவிகளை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபோர்ஈச் மட்டும் சரியாக ஓடியது. ஏனெனில் ஆப்ஜெக்டை அது சாதாரண ஹாஷாகக் கருதாமல் ஓர் உறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. பட்டியல் சரியாக இருந்து எண் மட்டும் தவறியதால் நாங்கள் எண்ணும் வினவலையே குடைந்துகொண்டிருந்தோம்.

இதற்கு அந்த நூலகத்திலேயே வழி உண்டு. ‘சர்ச்_ஆர்எஸ்’ என்பது எந்தச் சூழலிலும் ரிசல்ட்செட்டையே தரும். உறவு மெத்தடுகளுக்கும் பெயரின் இறுதியில் ‘_ஆர்எஸ்’ சேர்த்த வடிவம் கிடைக்கும். டெம்ப்ளேட்டில் அவற்றையே அழையுங்கள். பிறகு சுற்றிவருவதற்கு வொய்ல் கொண்டு ‘நெக்ஸ்ட்’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஆனால் டூல்கிட்டின் வொய்ல் சுற்றுக்கு இயல்பாக 1000 என்ற உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் பிழை எழும் என்பதை நினைவில் வையுங்கள்.

மெத்தடை மாற்றவே முடியாத இடங்களில், டூல்கிட்டுடன் வரும் ஸ்கேலார் என்ற ப்ளக்இன் உதவும். டெம்ப்ளேட்டின் தொடக்கத்தில் அதை யூஸ் செய்து, ஆப்ஜெக்டுக்கும் மெத்தடுக்கும் நடுவில் ‘.ஸ்கேலார்.’ என்று எழுதினால் அந்த ஓர் அழைப்பு மட்டும் ஒற்றைச் சூழலில் நடக்கும். ஆனால் கேள்வியில் உள்ள மெத்தடுக்கு இதைப் பயன்படுத்தினால் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும், பதிவுகள் கிடைக்காது. அது ரிசல்ட்செட் போன்றவற்றுக்குப் பொருத்தமான கருவி.

கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பின்சாய்வுக்கோட்டைச் சேர்த்ததும் பக்கம் சரியாகிவிட்டது. ஒன்று, இரண்டு, பூஜ்யம் என மூன்று நிலைகளிலும் சோதித்தேன்.

ஆனால் வேறொரு சிக்கல் எழுந்திருக்கிறது. அதே மெத்தடைப் பெர்ல் நிரலுக்குள் பல இடங்களில் அரேயில் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கெல்லாம் இப்போது ஒரே உறுப்பாக அரே ரெஃபரன்ஸ் வந்து நிற்கிறது. வான்ட்அரே என்ற வசதியைக் கொண்டு, பட்டியல் சூழலில் பட்டியலையும் ஒற்றைச் சூழலில் ரெஃபரன்ஸையும் தரும்படி எழுதலாம் என்று உடன் பணியாற்றுபவர் சொல்கிறார். அது நல்ல வழியா?

மேலும் ஒரு சந்தேகம். ப்ராசஸ் என்று டெம்ப்ளேட்டை ஓட்டும்போது கொடுக்கும் மாறிகளின் ஹாஷில், ஒரு சாவிக்கு நேராக ஒரு ஃபங்ஷன் அழைப்பை நேரடியாக எழுதியிருக்கிறார்கள். சில நேரங்களில் அதற்கு அடுத்த மாறி டெம்ப்ளேட்டில் காணாமல் போகிறது. இதற்கும் சூழலுக்கும் தொடர்பு உண்டா?

நான்காம் பதில்

இரண்டாவது சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். என் பார்வையில் அதுவே அதிக ஆபத்தானது, ஏனெனில் அது வெறும் காட்சிக் கோளாறோடு நிற்பதில்லை.

ஹாஷை அமைக்கும் சுருள் அடைப்புக்குள் இருப்பது ஒரு பட்டியல். சாவிக்கும் மதிப்புக்கும் நடுவில் நாம் இடும் அம்புக்குறி பெரும்பாலும் காற்புள்ளியின் வேலையையே செய்கிறது. இந்தச் சாவிக்கு இந்த ஒரு மதிப்பு என்று அது கட்டிப்போடுவதில்லை. எனவே அங்கே எழுதிய ஃபங்ஷன் அழைப்பு பட்டியல் சூழலில் நடக்கிறது. ‘தலைப்பு’ என்ற சாவிக்கு நேரே ஒரு ஃபங்ஷனும், அடுத்து ‘பயனர்’ என்ற சாவிக்கு நேரே ஒரு மாறியும் இருப்பதாகக் கொள்வோம். அந்த ஃபங்ஷன் எதுவும் கிடைக்காதபோது வெறும் ‘ரிட்டர்ன்’ என்று எழுதித் திரும்பினால், பட்டியல் சூழலில் அது வெற்றுப் பட்டியலைத் தரும். அதாவது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாம் ஓர் இடம் முன்னே நகர்ந்து, ‘தலைப்பு’ என்ற சாவியின் மதிப்பாக ‘பயனர்’ என்ற சொல்லே அமர்கிறது; பயனர் ஆப்ஜெக்ட் எழுத்துச் சரமாக மாறி ஒரு சாவியாகிவிடுகிறது. உங்கள் மாறி காணாமல் போவது இப்படித்தான். எச்சரிக்கைகளை இயக்கியிருந்தால், உறுப்புகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கிறது என்று பெர்ல் சொல்லியிருக்கும். இத்தகைய ஃபங்ஷன்கள் இரண்டு ஒரே ஹாஷில் இருந்து, இரண்டுமே வெறுமையாகத் திரும்பினால் எண்ணிக்கை மறுபடியும் இரட்டைப்படையாகி, அந்த எச்சரிக்கையும் வராது.

எதிர்த்திசையில் நடப்பதும் உண்டு. அதுவே பாதுகாப்புக் குறைபாடு. வலைப்படிவத்தில் பயனர் அனுப்புவதைப் படிக்க உதவும் சிஜிஐ.பிஎம் என்ற பழைய பெர்ல் தொகுதியின் ‘பாரம்’ மெத்தட், ஒரே பெயரில் பயனர் பல மதிப்புகளை அனுப்பியிருந்தால், பட்டியல் சூழலில் அவை அனைத்தையும் தரும். அந்த அழைப்பை ஹாஷுக்குள் நேரடியாக எழுதியிருந்தால், வெளியிலிருந்து ஒருவர் ‘பெயர்’ என்ற புலத்தை மூன்று முறை அனுப்பி, இரண்டாவது மதிப்பாக உங்கள் ஹாஷின் வேறொரு சாவியின் பெயரையும், மூன்றாவதாகத் தமக்கு வேண்டிய மதிப்பையும் வைத்துவிட முடியும். அந்தச் சாவிக்கு நீங்கள் முன்பே ஒரு மதிப்பு கொடுத்திருந்தாலும் பின்னால் வருவதே நிலைக்கும். இது கற்பனையான ஆபத்து அன்று. 2014 அக்டோபரில் பக்ஸில்லா என்ற பிழைப்பதிவுச் செயலியில் வெளியான சிவிஇ-2014-1572 என்ற குறைபாடு இதே வகையைச் சேர்ந்தது: கணக்கு தொடங்கும் இடத்தில் உண்மைப் பெயருக்கான புலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பி, உறுதிசெய்யப்பட்ட மின்னஞ்சலுக்குப் பதிலாக வேறொரு முகவரியில் கணக்கை உருவாக்க முடிந்தது. அதே காலத்தில் சிஜிஐ.பிஎம் 4.05 பதிப்பில், பாரம் மெத்தடைப் பட்டியல் சூழலில் அழைத்தால் எச்சரிக்கும் ஏற்பாடும், பல மதிப்புகள் உண்மையிலேயே வேண்டுபவர்களுக்கு ‘மல்டி_பாரம்’ என்ற தனி மெத்தடும் சேர்க்கப்பட்டன.

ஆகவே மாறிகளின் ஹாஷில் ஃபங்ஷன் அழைப்பை எழுத நேர்ந்தால் அதன் முன்னால் ‘ஸ்கேலார்’ என்ற சொல்லை இடுங்கள். இன்னும் தெளிவான வழி, மேலேயே ஒரு மாறியில் வாங்கிவிட்டு அந்த மாறியை ஹாஷில் வைப்பது. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். பிழை ஆராயும்போது அந்த மாறியை அச்சிட்டுப் பார்க்க முடிகிறது.

சிலர் இதற்கு மருந்தாக, வெறும் ரிட்டர்னுக்குப் பதில் ‘ரிட்டர்ன் அன்டெஃப்’ என்று எழுதச் சொல்வார்கள். ஹாஷின் இடமாற்றம் அதனால் நிற்கும், உண்மைதான். ஆனால் அதே ஃபங்ஷனை யாராவது அரேயில் வாங்கி, அரேயில் ஏதாவது இருக்கிறதா என்று நிபந்தனை எழுதியிருந்தால், அன்டெஃப் என்ற ஓர் உறுப்பு இருப்பதால் அந்த நிபந்தனை எப்போதும் உண்மையாகிவிடும். ஒற்றை மதிப்பு தருவதா, பட்டியல் தருவதா என்பதை ஃபங்ஷன் எழுதும்போதே முடிவுசெய்து, அதற்கேற்ற வெறுமையைத் திருப்ப வேண்டும். எல்லா ஃபங்ஷன்களுக்கும் பொதுவான ஒரே விதி இதில் இல்லை.

இப்போது வான்ட்அரே. அழைத்தவரின் சூழலை ஃபங்ஷன் தெரிந்துகொள்ள உதவும் வசதி அது: பட்டியல் சூழலில் உண்மை, ஒற்றைச் சூழலில் பொய், வெற்றுச் சூழலில் அன்டெஃப். உங்கள் நண்பர் சொல்வதுபோல் எழுதினால் பெர்ல் நிரலில் பழைய அழைப்புகள் அனைத்தும் உயிர்பெறும். ஆனால் டெம்ப்ளேட் அழைப்பது பட்டியல் சூழலில் என்பதால் அதற்கும் பட்டியலே போகும். நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே, அந்த நான்கு வெற்று வரிகளுக்கே, திரும்பி வந்து நிற்பீர்கள். வான்ட்அரேயால் இந்தச் சிக்கல் தீராது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான். பழைய மெத்தடை அதன் பழைய வடிவிலேயே விட்டுவிடுங்கள். அதன் அருகில் ‘அறிவிப்புப்_பட்டியல்’ என்பதுபோல் புதிய பெயரில் ஒரு மெத்தட் எழுதுங்கள். அது பழையதை அழைத்து, வந்த பட்டியலைச் சதுர அடைப்புக்குள் வைத்து ரெஃபரன்ஸாகத் தரட்டும், ஒரே வரிதான். பெர்லின் சதுர அடைப்பு, டெம்ப்ளேட்டின் சதுர அடைப்பைப் போலன்றி, மடிக்கப்படாத பட்டியலையே நேரடியாகப் பெறுவதால் அங்கே பட்டியலுக்குள் பட்டியல் உருவாகாது. டெம்ப்ளேட்டுகள் அனைத்தும் புதிய பெயரையே அழைக்கட்டும்.

ஐந்தாம் பதில்

இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, ஸ்டாஷ் மடிக்கும்போது பின்பற்றும் ஒரு விதியை யாரும் குறிப்பிடவில்லை. வந்த பட்டியலின் முதல் மதிப்பு அன்டெஃபாகவும் இரண்டாவது மதிப்பு வரையறுக்கப்பட்டதாகவும் இருந்தால், டூல்கிட் அந்த இரண்டாவது மதிப்பைப் பிழைச்செய்தி என்று எடுத்துக்கொண்டு அங்கேயே செயலை முறித்துவிடும். தோல்வியைத் தெரிவிக்க ‘அன்டெஃப், காரணம்’ என்று இரண்டு மதிப்புகளைத் திருப்பும் வழக்கத்தை ஒட்டி அமைந்த விதி இது. நீங்கள் குறைந்த அளவு, அதிக அளவு என இரண்டு எண்களைத் திருப்பும் மெத்தட் எழுதியிருந்து, குறைந்த அளவு நிர்ணயிக்கப்படாமல் அதிக அளவு 500 என்று இருந்தால், பக்கம் வராது. 500 என்ற எண்ணே பிழைச்செய்தியாக வந்து நிற்கும். அந்த எண்ணை வலை வழங்கியின் நிலைக்குறியீடு என்று எண்ணி வழங்கியின் அமைப்புகளைத் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்கு நான் உதவியிருக்கிறேன்.

இரண்டாவது, எல்லா டெம்ப்ளேட் கருவிகளும் ஒரே முடிவை எடுக்கவில்லை. மோஜோலிசியஸ் என்ற பெர்ல் வலைச்சட்டகத்தின் டெம்ப்ளேட்டில் மதிப்பை அச்சிடும் குறிக்குள் எழுதும் கோவை ஒற்றைச் சூழலில் மதிப்பிடப்படுகிறது. அங்கே ‘லோக்கல்டைம்’ என்று எழுதினால் படிக்கத்தக்க தேதியும் நேரமும் வரும். அதே லோக்கல்டைமைத் தரும் ஃபங்ஷனை டெம்ப்ளேட் டூல்கிட்டில் அச்சிட்டால், பட்டியல் சூழலில் வரும் ஒன்பது எண்கள் ஓர் அரே ரெஃபரன்ஸாக மடிக்கப்பட்டு, ‘அரே’ என்ற சொல்லும் அடைப்புக்குறிக்குள் ஒரு நினைவக முகவரியும் திரையில் தோன்றும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் பக்கங்களை மாற்றுபவர்கள், பெர்ல் ஃபங்ஷன்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலே விடைகள் மாறுவதைக் காண்பது இதனால்தான்.

கேட்டவர்

நான்காம் பதிலில் சொன்னபடி புதிய பெயரில் மெத்தட் எழுதிவிட்டேன்; பழைய அழைப்புகள் எதையும் தொடவில்லை. மாறிகள் காணாமல் போனதற்கும் காரணம் தெரிந்துவிட்டது: பக்கத் தலைப்பைத் தரும் ஃபங்ஷன், தலைப்பு இல்லாதபோது வெறும் ரிட்டர்னோடு திரும்புகிறது. அதை மேலேயே ஒரு மாறியில் வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் பதிலைப் படித்த பிறகு, இரண்டு மதிப்புகளைத் திருப்பும் மெத்தடுகளைத் தேடிப் பார்த்தேன். மூன்று கிடைத்தன. அவற்றில் ஒன்று, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்ற வரிசையில் திருப்புகிறது. தொடக்கத் தேதி நிரப்பப்படாத பதிவுகளுக்குப் பக்கம் திறப்பதில்லை என்று பயனர் ஒருவர் சென்ற மாதமே எழுதியிருந்தார். பிழைச்செய்தியில் ஒரு தேதி மட்டும் இருந்ததால் அதைத் தரவுத்தளக் கோளாறு என்று மூடிவைத்திருந்தோம். இன்று அதை மீண்டும் திறந்து, இரண்டு தேதிகளையும் ஒரு ஹாஷ் ரெஃபரன்ஸில் வைத்துத் திருப்பும்படி மாற்றி, அவருக்கும் எழுதிவிட்டேன்.